பத்துக்கு ரெண்டு

ஒரே ஆளுக்கு ஏழு வலி என்றதும் புது டாக்டரம்மா ஆடிப்போய்விட்டாள்.

"லெஃப்ட் ஹிப் பெயின், டாக்டர். ரைட் நீ பெயின். டூத் பெயின். ஹெட் பெயின்..." என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்த தபித்தாளுக்கு, எட்டாவது வரை படித்த இங்கிலீஷ் நாலாவது விரலோடு தீர்ந்துபோனது. மீதி மூன்றைத் தொட்டுக் காட்டினாள். தோள்பட்டை, கெண்டைக்கால், அடிவயிறு.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தபித்தாளைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐம்பது வயசுப் பொம்பளை, கல்லு மாதிரி இருக்கிறாள். வலி மட்டும் ஏழு.

"நாட் மீ, டாக்டர்," என்றாள் தபித்தாள் படுத்த வாக்கிலேயே. ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டினாள். அங்கே மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு முப்பது பொம்பளைகள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தே."

பந்தலூர்ப் பக்கம் பனிக்கொல்லி எஸ்டேட்டில் இது வருசக்கணக்காக நடக்கிற காரியம். தபித்தாள் அங்கே பிள்ளைக்காம்பிரா ஆயா. வேறு எஸ்டேட்டில் கிரீச் என்பார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இங்கே அதிகம் என்பதால் அந்தப் பழைய பேரே ஒட்டிக்கொண்டுவிட்டது. காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பும் அம்மாக்கள் பிள்ளையை அவளிடம் இறக்கிவிடுவார்கள். கூடவே தங்கள் வலியையும் இறக்கிவிடுவார்கள். "தபித்தாக்கா, எனக்கு இடுப்பு. மாத்திரை வாங்கி வையுங்க" என்று ஒருத்தி. "எனக்கு அதே பல்லுதாங்க்கா" என்று இன்னொருத்தி. டிஸ்பென்சரி ஒட்டின கட்டிடம்தான். ஆனால் அது திறக்கும் நேரத்தில் இவர்கள் மலை உச்சியில் இருப்பார்கள். வலிக்கிறது என்று இறங்கி வந்தால் அன்றைக்கு அரை நாள் கூலி போச்சு. அதனால் வலி மலையில் வேலை செய்யும், தபித்தாள் அதற்காக இங்கே வரிசையில் நிற்பாள்.

கம்பவுண்டர் சில்வஸ்டர் இருந்தவரை இதில் ஒரு சிக்கலும் வரவில்லை. இடுப்பா? ரோஸ் மாத்திரை. பல்லா? ரோஸ் மாத்திரை. தலையா, வயிறா, மனசு சரியில்லையா? எல்லாத்துக்கும் அதே ரோஸ்தான். மனுசன் ஓய்வு பெற்று பெர்ன்ஹில்லில் மகன் ஊட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு வந்தவள்தான் டாக்டர் ஜுனாலி. வாரத்தில் மூன்று நாள் வருவாள். அசாம்காரி, இருபத்தெட்டு வயசு. அங்கேயும் தேயிலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது. தபித்தாளுக்கு அசாமி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நொண்டிக்கொண்டு நின்றது இங்கிலீஷ்.

ஆள் வராமல் மருந்து கிடையாது என்று டாக்டரம்மா ஒரே பிடியாக நின்றாள். தபித்தாள் விட்டாளா? "நோ கம், டாக்டர். லீவ் நோ. மெடிசின் நோ, டெய்லி க்ரை" என்று டாக்டரம்மா வந்த நாலு தடவையும் வாசலை விட்டு நகராமல் நின்றாள். ஐந்தாம் தடவை டாக்டரம்மா இறங்கி வந்து, இங்கிலீஷும் கை ஜாடையுமாகப் பேசினாள். சரி, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஒருமுறை நான் பார்க்கிறேன், நடுவில் நீ வந்து சொல். ஆனால் சும்மா பெயின், பெயின் என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. எங்கே? எப்போதிலிருந்து? எந்த மாதிரி வலி? ஓடுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? எதனால் கூடுகிறது? எதனால் குறைகிறது? பத்துக்கு எவ்வளவு? இந்த ஏழும் எனக்கு வேண்டும் என்றாள்.

தபித்தாள் அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் டாக்டரம்மா படம் போட்டுக் கொடுத்தாள். அடுப்புத் தீ போட்டு பர்னிங் என்று எழுதினாள். கத்தி போட்டு ஸ்டேபிங். மின்னல் போட்டு ஷூட்டிங். மேளம் போட்டு த்ராபிங். தபித்தாள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழை எழுதிக்கொண்டாள். எரிச்சல், குத்தல், சுரீர்னு ஓடுறது, விண்ணு விண்ணுனு தெறிக்கிறது. ஒரு சாம்பல் மேகத்தை வரைந்து டல் ஏக் என்றபோது மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உளைச்சல் என்று எழுதினாள். இங்கிலீஷ்காரனுக்கு வலி ஒன்றே ஒன்றுதான் என்று அதுவரை அவள் நினைத்திருந்தாள். அடேங்கப்பா, அவனுக்கும் நம்மைப்போல எத்தனை விதமாக வலித்திருக்கிறது!

பதிலுக்கு அவளும் ஒன்று கொடுத்தாள். கை முட்டிக்குள் யாரோ விரலை விட்டுத் திருகுவதுபோல் நடித்துக் காட்டி, "குடைச்சல்" என்றாள். டாக்டரம்மா தன் முட்டியையே திருகிப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்த் தோட்டத்துப் பெண்களும் இதற்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், இங்கிலீஷில்தான் சரியாக வரமாட்டேன் என்கிறது என்று சிரித்தாள்.

தபித்தாள் இத்தனை பாடுபட்டுப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் புருசன் ஜெர்சன் ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் மெஷினில் நின்றவன். இரண்டரை வருசத்துக்கு முன்னால் ஒரு காலையில், "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு தபித்தா, சில்வஸ்டரண்ணன்கிட்ட ஒரு மாத்திரை வாங்கி வை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். இவளும் போய், வாயு என்று சொல்லி, ரோஸ் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். சாயந்தரம் நாலு மணிக்கு அவன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த மாத்திரையை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை, பைபிளுக்குள் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். வாயு என்று தன் வாயால்தானே சொன்னோம் என்ற நினைப்பு மட்டும் அவளை விடவே இல்லை.

ஆறு கேள்விக்குப் பெண்கள் மளமளவென்று பதில் சொன்னார்கள். கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. "ராத்திரி புரண்டு படுத்தா சுரீர்ங்குதுக்கா" என்பாள் சுகந்தி. "கூடை தூக்கறப்ப இல்ல, இறக்கறப்பதான் உயிர் போகுது" என்பாள் சின்னம்மை. ஏழாவது கேள்வியில்தான் வண்டி நின்றுபோனது. பத்துக்கு எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் "ரெண்டு". முடியாமல் நொண்டிக்கொண்டு வருகிறவளும் "ரெண்டு, ரெண்டரை போடுங்க". டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஒருத்திக்குக்கூட நாலு வராதா என்று தலையில் கை வைத்தாள்.

அவளுக்கு எப்படிப் புரியும்? மலையில் எல்லாம் தராசு வைத்த கணக்கு. நேற்று ஐம்பது கிலோ எடுத்தேன், இன்றைக்கும் ஐம்பது எடுத்தேன், அப்புறம் எனக்கு எங்கே வலி? கொழுந்து குறைந்தால்தான் வலி என்று அர்த்தம். பத்து என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நாம்தான் நடக்கிறோமே, அப்ப ரெண்டு. பனிக்கொல்லி முழுக்க இந்த ஒரே அளவுகோல்தான்.

ஆடி மாசத்துப் புதன்கிழமை ஒன்று. மழை கொட்டுகொட்டு என்று கொட்டுகிறது. பிள்ளைக்காம்பிராவில் பதினோரு பிள்ளைகள், அதில் நாலுக்கு மூக்கு ஒழுகல், இரண்டுக்கு அழுகை. அந்த நேரத்தில் மூக்கம்மா தன் மூன்று வயசு ஜீவிதாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். மூக்கம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயசு. கல்யாணமாகிப் பதினாலு வருசம் கழித்துப் பிறந்த பிள்ளை. அதைத் தரையில் விடாமல் தூக்கியே வளர்க்கிறாள் என்று லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவளைக் கேலி பண்ணுவார்கள்.

"அக்கா, வாயு. ரெண்டு," என்று சொல்லிக்கொண்டே அவள் படி இறங்கினாள்.

வாயு என்ற சொல் தபித்தாளைச் சுருக்கென்று தைத்தது. "ஏய், நில்லு. எங்க வாயு?"

மூக்கம்மா மேல்வயிற்றைத் தடவினாள். "இங்கதாங்க்கா."

"எந்த மாதிரி இருக்கு? நெஞ்சுக்கு ஏறுதா?"

"அட விடுங்கக்கா! நேத்து நாப்பத்தெட்டு கிலோ எடுத்திருக்கேன். உங்களுக்கு எப்பப் பாத்தாலும் பயம்தான்," என்று சிரித்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தபித்தாளும் இந்த மலைக்காரிதானே. நாற்பத்தெட்டு கிலோ என்று கேட்டதும் அவள் மனசும் சமாதானமாகிவிட்டது. வாயு என்றால் எரிச்சல்தான் என்று தானாகவே வைத்துக்கொண்டு, ஸ்டமக், பர்னிங், டூ என்று நோட்டில் எழுதினாள். பத்து மணிக்கு டாக்டரம்மா அதைப் படித்து, வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, மத்தியானம் தன் குவார்ட்டர்ஸுக்கு இறங்கிப் போனாள். அது அங்கிருந்து ஆறு கிலோமீட்டர்.

சாயந்தரம் நாலேமுக்கால். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூக்கம்மா கடைசியாக வந்தாள். ஜீவிதா "அம்மா!" என்று ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

மூக்கம்மா குனியவில்லை. "நடந்து வா சாமி," என்றாள்.

தபித்தாள் சட்டென்று திரும்பினாள். தவமிருந்து பெற்ற பிள்ளையை, சேற்றிலும் மழையிலும், நடந்து வா என்கிறாளா? கிலோவெல்லாம் பொய். இதுதான் நிஜமான கணக்கு. கிட்டே போய்ப் பார்த்தாள். மழை படாத நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை இரண்டும் ஜில்லென்று இருந்தது.

"உக்காரு," என்று பெஞ்சில் பிடித்து உட்காரவைத்தாள். "உண்மையச் சொல்லு மூக்கம்மா. குத்துதா? எரியுதா?"

"அதெல்லாம் இல்லக்கா." மூச்சு வாங்கியது. "நனைஞ்ச கொழுந்துச் சாக்கத் தூக்கி நெஞ்சு மேல வச்சாப்ல இருக்கு. யாராச்சும் எடுத்தா தேவல."

"காலைல இருந்தேவா?"

"முந்தாநேத்துல இருந்து. விட்டு விட்டு வருது. இந்தா, இந்தக் கையும் கனக்குது." இடது கையைக் காட்டினாள். அப்புறம், பழக்க தோசம், "ரெண்டுதாங்க்கா" என்றாள்.

பிள்ளைக்காம்பிராவில் டவர் கிடைக்காது. தண்ணித் தொட்டி மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். தபித்தாள் செருப்பை உதறிவிட்டு, முட்டி வலியை மறந்து, அந்த மேட்டில் ஏறினாள். போன் அடித்தது. டாக்டரம்மா எடுத்தாள். எடுத்த அந்த நொடியில் தபித்தாள் படித்த இங்கிலீஷ் அத்தனையும் பறந்துபோனது. ஸ்டேபிங் இல்லை, பர்னிங் இல்லை, த்ராபிங் இல்லை. டாக்டரம்மா வரைந்து கொடுத்த எந்தப் படத்திலும் இந்த வலி இல்லை.

"டாக்டர்! மூக்கம்மா. செஸ்ட். வெட் சாக்!"

"வாட்?"

"ரெயின், டாக்டர். டீ லீஃப். சாக் ஃபுல். வெட், வெட், வெட்! ஆன் செஸ்ட் சிட்டிங்!" அழுதுகொண்டே கத்தினாள். "ஹேண்ட் ஆல்ஸோ. லெஃப்ட். ஸ்வெட், டாக்டர்."

நனைந்த கொழுந்துச் சாக்கு எவ்வளவு கனக்கும் என்று அசாம் தேயிலைக் காட்டில் பிறந்தவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அடுத்த நொடி டாக்டரம்மாவின் குரலே மாறிவிட்டது. ஆனால் அவளும் காலையில் அந்த நோட்டில் ரெண்டு என்று படித்தவள்தான். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள்.

"ஷி சே டூ, டாக்டர்," என்றாள் தபித்தாள். "ஐ சே நைன்."

டாக்டரம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. டிஸ்பென்சரியைத் திற, இரண்டாவது தட்டு, வெள்ளை டப்பா, ஆஸ்பிரின் ஒன்று மென்று முழுங்கச் சொல், நடக்க விடாதே, நான் ஜீப்போடு வருகிறேன் என்றாள். கூட்டிப் பெருக்குவதற்காகச் சாவி தபித்தாளிடம்தான் இருந்தது. ஈரக் கையில் வழுக்கின சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. ஆண்டவரே, இன்னொரு தடவை என் கையால் வேண்டாம், இன்னொரு தடவை வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டுதான் அந்தப் பூட்டைத் திறந்தாள்.

மாத்திரையை மென்று முழுங்கிவிட்டு மூக்கம்மா பெஞ்சிலேயே சாய்ந்திருக்க, ஜீப் வந்தது. மூக்கம்மாவின் புருசன் இருளப்பன் ஃபேக்டரியிலிருந்து போட்ட துணியோடு ஓடிவந்து ஏறினான். டாக்டரம்மா பின்சீட்டில் மூக்கம்மாவின் கையைப் பிடித்தபடியே கூடலூர்வரை போனாள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜீவிதா தபித்தாளின் ஊட்டில் அவள் மடியை விட்டு இறங்காமல் இருந்தது.

மறுநாள் காலையிலேயே மேட்டில் ஏறிக் காத்திருந்தவளுக்கு இருளப்பன் போன் பண்ணினான். பேச முடியாமல் அழுதான். "அடைப்பெடுத்து குழாய் வச்சுட்டாங்க தபித்தாக்கா. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா இல்லைன்னு டாக்டர் சொல்றாரு."

தபித்தாள் தண்ணித் தொட்டி மேட்டிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்ததும் நேராகப் பிள்ளைக்காம்பிராவுக்கு வந்தாள். பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நீ ரெண்டு என்று எழுதினாய், நானும் ரெண்டு என்று படித்தேன், இரண்டு பேர் மேலும் தப்பு என்றாள். இனி நெஞ்சு என்றோ வாயு என்றோ ஒருத்தி சொன்னால் நோட்டு வேண்டாம், ஆளை அனுப்பு, அரை நாளைப் பற்றி மேனேஜரிடம் நான் பேசிவிட்டேன் என்றாள். காலண்டர் தாளை வாங்கி, மின்னலுக்கும் மேளத்துக்கும் பக்கத்தில் ஒரு கொழுந்துச் சாக்கை வரைந்தாள். அதன்மேல் மழையும் போட்டாள்.

ஆவணி பிறந்து மூக்கம்மா வந்து சேர்ந்தாள். மூன்று மாசம் மலை ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. ஊட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் காலையிலேயே ஜீவிதாவோடு பிள்ளைக்காம்பிராவுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். இப்போது பெண்களும் மாறியிருந்தார்கள். "அக்கா, எனக்கு ஆறு" என்பாள் சுகந்தி. "யாருடி இவ, நேத்து பஸ்ஸுக்கு ஓடினா, இன்னிக்கு ஆறாம்" என்று சின்னம்மை கிண்டல் பண்ணிவிட்டு, தன் முறை வந்ததும் மெதுவாக "எனக்கு ஏழுங்க்கா" என்பாள். அவளுக்கே அந்த எண் புதுசு. சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்படுவாள்.

ஒருநாள் காலையில் எல்லாரும் மலைக்குக் கிளம்பிப் போன பிறகு மூக்கம்மா நோட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பேனா குடுங்க. பேரு தபித்தாள். எங்க வலிக்குது?"

"எனக்கென்னடி வலி? கல்லு மாதிரி இருக்கேன்."

"எங்கன்னு கேட்டேன்."

முட்டி என்று சொல்லத்தான் தபித்தாள் நினைத்தாள். முட்டி நிஜமாகவே வலிக்கும். ஆனால் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. மூக்கம்மா பதறி எழுந்தாள்.

"பயப்படாத, உக்காரு. உன்னோடது மாதிரி இல்ல."

"எப்ப இருந்துங்க்கா?"

"ரெண்டு வருசமும் எட்டு மாசமும்."

பேனா நின்றது. அது யாருடைய கணக்கு என்று பனிக்கொல்லியில் தெரியாதவர்கள் கிடையாது. ஆனாலும் மூக்கம்மா நிறுத்தவில்லை. "எந்த மாதிரி?"

தபித்தாள் காலண்டர் தாளைப் பார்த்தாள். "குத்தல் இல்ல. எரியவும் இல்ல. அந்த மேகம் இருக்கு பாரு, அது. உளைச்சல்."

"ஓடுதா?"

"எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கு."

"எப்பக் கூடுது?"

"சாயந்தரம் டீ ஊத்தறப்ப. கை தன்னால ரெண்டு டம்ளர் எடுத்து வைக்குது."

மூக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பக் குறையுது?"

ஜீவிதா வந்து தபித்தாளின் மடியில் ஏறி, அவள் தாலிக்கயிறு இல்லாத கழுத்தைக் கட்டிக்கொண்டது. தபித்தாள் அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ பொழைச்சிட்டேன்னு இருளப்பன் போன் பண்ணினான் பாரு," என்றாள். "அன்னிக்கு ஒரு துளி குறைஞ்சுது."

மூக்கம்மா கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"பத்துக்கு எவ்வளவுங்க்கா?"

ரெண்டு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தபித்தாள் அதை முழுங்கினாள். இத்தனை நாளில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. ஊரில் எல்லாருடைய வலியையும் சுமந்துகொண்டுபோய் வரிசையில் நின்றவளுக்குத் தன்னுடையதைச் சொல்லிப் பழக்கமில்லை. "ஒம்போது போடு," என்றாள்.

மூக்கம்மா தடிப்பாக, பிள்ளை எழுதுவதுபோல மெதுவாக, ஒன்பது என்று எழுதினாள். பத்து மணிக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, மழையில் முந்தானையைத் தலைக்குப் போட்டு, டிஸ்பென்சரி வரிசையில் தபித்தாளுக்காக அவளே போய் நின்றாள்.